பெயரில்லாத தலைக்கட்டு: பொன்னேரித் தாலுகாவும் ஒரு ஸ்காட்லாந்துப் பண்ணையும்

1871ஆம் ஆண்டில், விக்டோரியா அரசியின் ஆட்சிக்குட்பட்ட இரண்டு நிலப்பகுதிகளில் ஏழு மாத இடைவெளியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. ஏப்ரல் 2 இரவு ஸ்காட்லாந்தில். நவம்பர் 15 அன்று சென்னை மாகாணத்தில். இரண்டு இடங்களிலும் வீடுவீடாகச் சென்று எழுதினார்கள். இரண்டு இடங்களிலும் தாளில் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. ஸ்காட்லாந்தில் எழுதப்பட்ட புத்தகங்கள் இன்றும் எடின்பரோவில் இருக்கின்றன; அவற்றின் பக்கங்களை உலகின் எந்த மூலையிலிருந்தும் கணினியில் திறந்து பார்க்கலாம். செங்கல்பட்டு ஜில்லாவின் பொன்னேரித் தாலுகாவில், அதாவது இன்றைய கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரத்தில் எழுதப்பட்ட தாள்களோ, கூட்டல் முடிந்தவுடன் தம் வேலையை முடித்துக்கொண்டன. கூட்டுத்தொகைகள் அச்சேறின. தாள்கள் காக்கப்படவில்லை.

வரலாற்றில் பெரிய மனிதர்களுக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை. மிராசுதாரருக்குப் பட்டா இருக்கிறது, கோயில் கல்வெட்டு இருக்கிறது, நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. வயலில் இறங்கிய குடும்பத்துக்கு வேறு எதுவும் இருந்ததில்லை. கணக்கெடுப்புத் தாள் ஒன்றுதான் அவர்களுடைய வீட்டை வீடாக, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன் தங்கிய கிழவி என்று ஒரே இடத்தில் சேர்த்து எழுதிய காகிதம். அது போனால் குடும்பமே போயிற்று என்று பொருள்.

முதலில் ஸ்காட்லாந்துத் தாள் எப்படியிருக்கும் என்று பார்த்துவிடலாம். 1841இல் அங்கே முதன்முறையாக ஒவ்வொருவரின் பெயரையும் எழுதினார்கள். பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்துப் போட்டார்கள், உறவு முறையைக் கேட்கவில்லை. 1851 முதல் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு, எந்தப் பங்கில் பிறந்தார் என்ற கட்டங்கள் சேர்ந்தன. பெரும்பாலும் ஊர்ப் பள்ளி ஆசிரியரே கணக்கெடுப்பாளர். கையெழுத்து அழகாக இருப்பதற்கு அதுதான் காரணம் போலும்.

இந்தப் பிறந்த ஊர்க் கட்டம் சாதாரணமானதல்ல. ஸ்காட்லாந்தின் தென்கிழக்குப் பகுதியில் மணமான பண்ணையாளை ஓராண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துவார்கள். ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தம் நீடிக்கவில்லையென்றால், குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகவேண்டும். ஏனெனில் குடியிருந்த வீடு வேலையோடு ஒட்டியது. ஆகவே மூத்த மகன் ஒரு பங்கில் பிறந்திருப்பான், அடுத்தவள் பக்கத்துப் பங்கில், மூன்றாவது பிள்ளை இன்னொன்றில். கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்தாலே அந்தக் குடும்பம் பதினைந்து ஆண்டுகளில் நடந்த வழி தெரிந்துவிடும். யாரும் அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றை எழுத நினைக்கவில்லை. படிவம் தற்செயலாக எழுதிவிட்டது.

1861இல் இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: ஒரு ஜன்னலாவது உள்ள அறைகள் வீட்டில் எத்தனை? சுகாதாரக் கவலையிலிருந்து எழுந்த கேள்வி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகள் ஒற்றை அறை கொண்டவை என்பதும், பல்லாயிரம் பேர் ஜன்னலே இல்லாத அறையில் வாழ்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எண்ணாக வெளிப்பட்டன. இந்த ஜன்னலுக்கு ஒரு முன்கதை உண்டு. 1811இல் ஒரு பண்ணைக் கூலிக் குடும்பத்தின் பதினோராவது பிள்ளையாகப் பிறந்த அலெக்சாண்டர் சாமர்வில், 1848இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தம் பெற்றோர் சொந்தமாக ஒரு ஜன்னல் வைத்திருந்ததைப் பதிவு செய்கிறார். ஒரே ஒரு சிறு கண்ணாடி. பண்ணை மாறும்போதெல்லாம் அதைக் கழற்றி எடுத்துச் சென்று புதிய குடிசையின் சுவரில் பொருத்துவார்கள். (குதிரைப்படையில் சேர்ந்து, பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதைத் தொடர்ந்து 1832இல் நூறு கசையடி வாங்கியவரும் இவர்தான். அது வேறு கதை, ஆனால் படிக்கவேண்டிய கதை.)

ஸ்காட்லாந்தின் அரசு தன் ஏழைகள்மீது அன்பு மிகுந்து பெயர்களைக் காத்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. 1845இல் வந்த ஏழையர் சட்டத்தின்படி உதவி கேட்டு வந்தவரின் குடும்ப வரலாற்றை அங்குலம் அங்குலமாக எழுதிக்கொண்டதற்குக் காரணம், செலவை எந்தப் பங்கின் தலையில் கட்டலாம் என்று கண்டுபிடிப்பதற்காகவே. பழங்காலமும் பெருமைக்குரியதல்ல: அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் உப்பளத் தொழிலாளரும் 1775, 1799 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை முதலாளியோடு கட்டுண்டு கிடந்தவர்கள். பண்ணையாள் தன்னோடு வயல் வேலைக்கு ஒரு பெண்ணையும் கொண்டுவந்து தரவேண்டும் என்ற நிபந்தனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நீடித்தது. அந்தப் பெண் மகளாகவோ தங்கையாகவோ இருப்பாள். இல்லையெனில் கூலிக்கு அமர்த்தப்பட்டவள். ஒப்பந்தம் அவளைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. கணக்கெடுப்புத் தாள் அழைத்தது.

இனி பொன்னேரிக்கு வருவோம்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பழவேற்காட்டை அடுத்த கழிமுகங்களை நோக்கி ஓடும் சமவெளி. ஏரிப் பாசனம், நெல், கிழக்கே உப்பளம். இங்கே வயலில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் அன்றைய ஆவணங்கள் பறையர் என்று எழுதிய மக்கள். அவர்களுள் பலர் படியாட்கள். படி என்பது கூலியாக அளக்கப்படும் தானியம். படி வாங்குபவன் படியாள். திருமணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரரிடம் வாங்கிய சிறு கடன் அவனைக் கட்டியது. அவன் இறந்தால் மகனைக் கட்டியது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றம் இனி ஏற்காது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. அடிமை என்ற சொல் அலுவலகக் கோப்புகளிலிருந்து விலகியது. கடன்சீட்டு விலகவில்லை.

ஒப்புமை கவனத்துக்குரியது. ஸ்காட்லாந்துப் பண்ணையாளும் கூலியின் பெரும்பகுதியை ஓட்ஸ் மாவாகவும் பார்லியாகவும் உருளைக்கிழங்காகவும் வாங்கினான். அவனுடைய வீடும் முதலாளியுடையது. சேரியின் மனைக்கட்டும் மிராசுதாரருடையது. முறைத்துப் பேசியவன் கூரையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். ஆனால் வேறுபாடும் அங்கேதான் தொடங்குகிறது. அவன் ஆண்டு முடிவில் சந்தைக்குப் போய் வேறு முதலாளியைத் தேடலாம். இவனுக்குப் போக இடமில்லை; அடுத்த ஊர் மிராசுதாரர் பழைய கடனைத் தீர்த்தால்தான் இவன் இடம் மாறலாம், அப்போதும் கடனோடுதான் மாறுவான். அங்கே பிறந்த ஊர்க் கட்டம் பல ஊர்ப் பெயர்களால் நிரம்பியது. இங்கே அப்படியொரு கட்டம் காக்கப்பட்டிருந்தாலும், பாட்டன் முதல் பேரன்வரை ஒரே ஊர்ப்பெயர்தான் இறங்கி வந்திருக்கும்.

1871 சென்னைக் கணக்கெடுப்பை நடத்தி அறிக்கை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், மருத்துவர், மாகாணத்தின் சுகாதார ஆணையர். மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்களை எண்ணிய பெரும் பணி. அதன் கடுமையைக் குறைத்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் கர்ணங்களும் கிராம அதிகாரிகளும், அதாவது வரிக்கணக்கு எழுதிப் பழகிய கைகள். வீடுகளை அறிக்கை மூன்றாக வகுத்தது: மச்சு வீடு, ஓட்டு வீடு, கூரை வீடு. ஜன்னல் கேட்கப்படவில்லை. மனிதர்களை மதமாக, சாதியாக, தொழிலாக வகுத்தது. கும்மிடிப்பூண்டிச் சேரியில் அன்றிரவு இருந்த ஒரு குடும்பம், கூரை வீடுகள் என்ற நிரலில் ஒன்றைக் கூட்டியது. பறையர் என்ற நிரலில் ஐந்தையோ ஆறையோ கூட்டியது. கூலியாட்கள் என்ற நிரலில் இன்னும் ஒன்றிரண்டைக் கூட்டியது. ஒரே குடும்பம் மூன்று அட்டவணைகளில் மூன்று துண்டுகளாகச் சிதறியது. அந்தத் துண்டுகளை மறுபடி ஒட்ட வழியில்லை. பெண்களின் பெயரைச் சொல்ல வீட்டார் தயங்கினால் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று அக்காலக் கணக்கெடுப்பு விதிகள் இடம் கொடுத்தன. மேற்சாதி வீடுகளின் கூச்சத்தை மனத்தில் வைத்த விதி அது. பெயரை இழந்தவர்களில் எல்லோரும் அடக்கம்.

நம் மொழியில் தலைக்கட்டு என்று ஒரு சொல் இருக்கிறது. திருவிழாவுக்கு வரி போடும்போது ஊரில் எத்தனை தலைக்கட்டு என்று கேட்பார்கள். மணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. ஊர்த் தலைக்கட்டு வேறு, சேரித் தலைக்கட்டு வேறு; முன்னதன் கணக்கில் பின்னது வராது. அரசின் கணக்குக்கு முன்பே இங்கு வீடுகளை எண்ணும் முறை இருந்தது என்பதற்கும், அந்த எண்ணிக்கைக்கு ஒரு வாசல் இருந்தது என்பதற்கும் இச்சொல்லே சாட்சி.

செங்கல்பட்டுக்கு ஆவணப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. தமிழகத்திலேயே மிக நுணுக்கமாக அளக்கப்பட்ட ஜில்லா இதுதான். ஆர்க்காட்டு நவாப் 1763இல் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்த இந்த நிலத்தை 1767 முதல் 1774வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அளந்தார். சுமார் இரண்டாயிரம் ஊர்களின் நிலம், ஏரி, மானியம், வீடுகள், விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு மேரை என்ற விவரங்கள் அதில் உண்டு. தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடியெடுத்து, ஆங்கிலேயர் வருகைக்கு முந்தைய ஊர்ச் சமூகத்தின் வளத்தையும் பங்கீட்டையும் நிறுவ முயன்றார். அவருடைய உழைப்புக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பர்னார்டின் ஆங்கிலச் சுருக்கங்களில் சேரி வீடுகள் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கின்றன. களத்தில் அளக்கப்பட்ட மேரையின் அளவு தெரிகிறது. அளந்த நெல்லைத் துணியில் முடிந்துகொண்டு போனவள் யார் என்பது தெரியாது. வளத்தின் சராசரியை வைத்துக்கொண்டு கடைசி வீட்டின் அடுப்பைப் பற்றிப் பேச முடியாது என்பது நம் எண்ணம். பின்னர் 1790களில் கலெக்டர் லயனல் பிளேஸ், 1810களில் மிராசு உரிமை பற்றி எழுதிய எல்லிஸ் என்று இந்த ஜில்லாவைப் பற்றிய எழுத்து பெருகிக்கொண்டே போயிற்று. யூஜின் இர்ஷிக் அதையெல்லாம் வைத்து 1994இல் ஒரு நூலே எழுதினார். எல்லா எழுத்தும் நிலத்தைச் சுற்றியது. நிலம் யாருடையது என்பது கேள்வியானால், நிலமில்லாதவன் பதிலில் வரமாட்டான். அடங்கலிலும் பட்டாவிலும் அவனைத் தேடிப் பயனில்லை.

இந்த மறைவு வெறும் ஆவணக் குறையாக நின்றிருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1871க்கும் 1881க்கும் இடையில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878வரை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். 1881 கணக்கில் மாகாணத்தின் மக்கள்தொகை பத்தாண்டுக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. ஆனால் செங்கல்பட்டு ஜில்லாவின் மொத்தம் சற்று உயர்ந்தே இருந்தது: 1871இல் சுமார் 9.4 லட்சம், 1881இல் சுமார் 9.8 லட்சம். எண்ணை மட்டும் வைத்திருப்பவர் இங்கே எதுவும் நடக்கவில்லை என்றே முடிவு செய்வார். ஸ்காட்லாந்தில் ஒரு வீடு 1871இல் இருந்து 1881இல் இல்லாமற்போனால், 1855 முதல் கட்டாயமாக்கப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவேட்டில் தேடலாம். வேறு மாவட்டத்தில், வேறு நாட்டில் தேடலாம். இங்கே கூரை வீடுகள் நிரலில் ஒன்று கழிந்து இன்னொன்று கூடினால் கணக்கு நேராகிவிடும். பஞ்ச நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. மண் சுமந்தவர்கள் தலைக்கணக்காகவே எழுதப்பட்டார்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் புகைப்படங்களை நம் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். எலும்பும் தோலுமாக, குடும்பம் குடும்பமாக உட்காரவைக்கப்பட்ட அந்த மனிதர்களின் முகம் நூற்றைம்பது ஆண்டுகளாக நம்மைப் பார்க்கிறது. ஒருவருடைய பெயர்கூட அடியில் இல்லை.

அப்படியானால் இந்த மக்களின் பெயரை அரசு எழுதியதே இல்லையா? எழுதியது. அவர்கள் ஊரைவிட்டுப் போனபோது எழுதியது.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறையில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911வரை அவ்வழியே நேட்டாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், கிராமம், தாலுகா, ஜில்லா. செங்கல்பட்டு என்ற ஜில்லாப் பெயர் அவற்றில் மீண்டும் மீண்டும் வரும். ஊரில் இருந்தவரை ஒரு கூட்டல் குறியாக இருந்தவன், கப்பலேறும் நாளில் இடது முழங்காலில் தழும்பு உள்ளவனாக ஆகிவிடுகிறான். காரணம் எளியது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இருப்பவன் தோட்டத்தைவிட்டு ஓடினால் பிடிக்கவேண்டும். பிடிக்க அடையாளம் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தம் முப்பாட்டனின் ஊரைத் தேடி வருகிறார்கள். வந்து இறங்கிய ஊரில், போகாமல் தங்கிவிட்ட அண்ணன் தம்பியின் வழியினருக்கு அதே முப்பாட்டனின் பெயர் எந்த அரசுத் தாளிலும் இருக்காது. கடல் கடந்தவனுக்கு வம்சாவளி, கடக்காதவனுக்கு வாய்மொழி.

பெயர் எழுதப்பட்ட இன்னோர் இடம் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு. இங்கேதான் ஸ்காட்லாந்தும் திருவள்ளூரும் நேரடியாகச் சந்திக்கின்றன. ஸ்காட்லாந்தின் வடகோடியான ஷெட்லாந்துத் தீவுகளில் 1850களில் பிறந்த வில்லியம் கௌடி, வெஸ்லியன் மிஷனின் போதகராக 1880களில் திருவள்ளூர் வட்டாரத்துக்கு வந்து, ஈக்காட்டை மையமாகக்கொண்டு சேரிகளில் பணியாற்றினார். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். 1890களில் அவர் சேரி மக்களுக்காக உருவாக்கிய குடியேற்றத்துக்கு, ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊர்ப்பெயர் தொனிக்க, மெல்ரோசாபுரம் என்று பெயர். குழந்தைப் பருவத்தில் தம் பெயரும் வீட்டார் பெயரும் ஒரு தாளில் வரிசையாக எழுதப்படுவதை இயல்பாகக் கொண்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் இவர்கள். படியாள் சீட்டுகளைப் பற்றியும் மனைக்கட்டுப் பறிப்பைப் பற்றியும் பத்திரிகைகளிலும் அரசுக்கும் இடைவிடாமல் எழுதினார்கள். அவர்களுக்கு மதமாற்ற நோக்கம் இருந்தது உண்மை. அவர்கள் சொன்னவையும் உண்மை.

அவர்களுடைய தொந்தரவுக்கும் பங்குண்டு, 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ஜே. எச். ஏ. ட்ரெமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்களின் நிலை பற்றிய தம் அறிக்கையை எழுதியதில். படியாள் முறை, கடன், மிராசுதாரரின் பிடியிலுள்ள மனைகள், தர்க்காஸ்து போட்டுத் தரிசைப் பெறவிடாமல் தடுக்கும் முன்னுரிமை, எல்லாம் அதில் இருக்கின்றன. மேலதிகாரிகள் பலர் இது கொத்தடிமையல்ல, இருவரும் விரும்பிச் செய்த ஒப்பந்தம் என்று சொல்லிச் சமாளித்ததை ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆயினும் 1892 செப்டம்பர் 30 அன்று, 1010ஆம் எண்ணுள்ள அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கவும், அது பிறர் கைக்குப் போகாதபடி நிபந்தனை விதிக்கவும் வழி பிறந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். அடுத்த ஆண்டே, இதே ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். அட்டவணையின் நிரல் தலைப்பாக மட்டுமே இருந்த சொல் ஓர் ஆசிரியரின் கையொப்பத்தோடு வெளிவந்தது.

பெயரில்லாமற்போனதன் விலை இங்கே கணக்குக்கு வருகிறது. பஞ்சமி நிலம் யாருக்கு எப்போது கொடுக்கப்பட்டது என்று காட்ட பழைய 'அ' பதிவேட்டின் ஒரு வரி வேண்டும். அந்த வரியிலுள்ளவருக்கும் தனக்கும் உறவு என்று காட்ட இன்னொரு காகிதம் வேண்டும். முதலாவது சில நேரம் கிடைக்கிறது. இரண்டாவதைக் கொள்ளுப்பேரன் எங்கிருந்து கொண்டுவருவான்? நிலத்தை வளைத்துக்கொண்டவரிடமோ கிரயப் பத்திரங்கள் அடுக்கடுக்காக இருக்கும். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில், பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியும்.

ஸ்காட்லாந்து தன் கணக்கெடுப்புத் தாள்களை நூறாண்டு பூட்டிவைத்துப் பிறகு திறக்கிறது. 1921ஆம் ஆண்டின் தாள்கள் 2022இல் திறந்தன. கனடாவிலும் நியூசிலாந்திலும் உள்ள பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகள் அன்றே தேடத் தொடங்கினார்கள். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் தனிமனிதப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாதவையாகவும், சில விலக்குகள் தவிர, சாட்சியமாக ஏற்கப்படாதவையாகவும் ஆக்கியது. நூறாண்டுக்குப் பின் திறக்கும் கதவு அதில் வைக்கப்படவில்லை. அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் தேவைதான், நாம் மறுக்கவில்லை. சாதியும் மதமும் எழுதிய தாள் தவறான கைக்குப் போனால் என்னவாகும் என்பதை இந்த நாடு அறியும். ஆனால் நூறாண்டு கழிந்த பின் அந்தத் தாளால் தீங்கு யாருக்கு, அது இல்லாததால் தீங்கு யாருக்கு என்று தராசில் வைத்துப் பார்க்கவேண்டும்.

2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் குறிநாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியில் இப்போது எண்ணப்பட வேண்டியவர்கள் வேறு மாதிரியானவர்கள். சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளுக்கும் வார்ப்பாலைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள், வேலையோடு ஒட்டிய அறைகளில், முறை மாற்றிப் படுக்கும் பாய்களில் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் அறையும் முடியும். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கோ திருப்பூருக்கோ போவார்கள். சாமர்வில்லின் தந்தைக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே புரிந்திருக்கும். 2011ஆம் ஆண்டின் வீட்டுப் பட்டியல் தரை எதனால் ஆனது, சுவர் எதனால், கூரை எதனால், அறைகள் எத்தனை, அவற்றில் எத்தனை பேர் என்றெல்லாம் விவரமாகக் கேட்டது. ஜன்னலைப் பற்றி அதிலும் கேள்வி இல்லை.